ஆறு லட்சம் கையில், ரேஸ் ஆசை மனதில்: எந்த வண்டி வாங்கலாம்?

கேள்வி: எனக்கு 34 வயது. வேளச்சேரியில் வீடு, ஓஎம்ஆரில் ஐடி வேலை. 2024இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு நேர ரேஸைப் பார்த்ததிலிருந்து நாமும் ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவே இல்லை. சேமிப்பில் ஆறு லட்சம் இருக்கிறது. பழைய ஃபியட் அபார்த் புன்டோ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. போலோ ஜிடி மீதும் ஒரு கண். வார நாளில் மகனைப் பள்ளியில் விட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் ஓட வேண்டும். எதை வாங்கலாம்? வெளிநாட்டில் எல்லோரும் மெச்சும் மஸ்டா மியாட்டாவை இறக்குமதி செய்ய வழி உண்டா?

பதில்: மியாட்டாவை முதலில் முடித்துவிடுவோம். ஆயிரம் கிலோவை ஒட்டிய எடை, பின்சக்கரத்துக்குப் போகும் எஞ்சின் சக்தி, இரண்டே இருக்கை. ஓட்டக் கற்றுக்கொள்ள அருமையான வண்டிதான். ஆனால் மஸ்டா இங்கே கார் விற்பதில்லை. பயன்படுத்திய காரைக் கொண்டுவருவதானால் மூன்று வருடத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வரி மட்டுமே வண்டியின் விலையைத் தாண்டும். உங்கள் ஆறு லட்சம் துறைமுகத்திலேயே கரைந்துவிடும். விட்டுவிடுங்கள்.

அடுத்து, எந்த வகை ஓட்டத்தில் இறங்கப் போகிறீர்கள் என்பதை நீங்கள் சொல்லவில்லை. வண்டியைவிட அதுதான் முக்கியம். டிஎஸ்டி ராலி என்றால், பக்கத்தில் உட்கார்ந்தவர் கணக்குப் பார்த்துச் சொல்லச் சொல்ல, குறித்த சராசரி வேகத்தில் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேரும் விளையாட்டு. அதற்கு வீட்டு வாசலில் இப்போது நிற்கும் வண்டியே போதும். ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண் தரையில், ஒருவர் பின் ஒருவராக ஓட்டி நேரம் பார்ப்பது. வேகம் குறைவு, ஆனால் வண்டியின் அடிப்பாகம் நன்றாக அடி வாங்கும். பக்கத்தில் பக்கம் வைத்து ஓட்டும் உண்மையான ரேஸுக்கு உள்ளே இரும்புக் கூண்டு, பக்கெட் சீட், ஹார்னஸ் பெல்ட், எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பு) லைசென்ஸ், அதற்கு டாக்டர் சான்றிதழ் எல்லாம் வேண்டும். அது இரண்டாம் வருடப் பேச்சு. உங்கள் கடிதத்தைப் படித்தால் மனதில் இருப்பது டிராக் டே, அதாவது போட்டி இல்லாமல் சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள் என்றுதான் தெரிகிறது. அதற்கு இடம் நம் இருங்காட்டுக்கோட்டை டிராக்.

மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. எங்கள் அப்பா தலைமுறை சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் பார்த்தது, புளியோதரை கட்டிக்கொண்டு. 1990 முதல் எல்லாமே இருங்காட்டுக்கோட்டையில். ஒரு சுற்று 3.717 கி.மீ. டிவியில் பார்த்தால் சின்ன டிராக் போலத் தெரியும். ஐந்து சுற்று ஓட்டிவிட்டு இறங்கினால் சட்டை பிழியலாம். வண்டியின் நிலைமை அதைவிட மோசமாக இருக்கும்.

அந்த நிலைமையை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். 140 கி.மீ. வேகத்தில் வந்து வளைவுக்கு முன் 70க்குக் குறைத்தால், வண்டியின் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு சூடாக மாறிப் பிரேக்கில் இறங்குகிறது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஓட்டுபவரோடு 1,030 கிலோ எடையுள்ள ஸ்விஃப்ட் என்றால் ஒரு வளைவுக்குச் சுமார் 580 கிலோஜூல். அபார்த் புன்டோவுக்கு 145 குதிரைசக்தி இருக்கிறது, ஆள் ஏறினால் எடை 1,250 கிலோவைத் தொடும். அதே வளைவுக்கு அது 160இல் வந்து சேரும் என்று வைத்துக்கொண்டால், 70க்கு இறக்கக் கிட்டத்தட்ட 1,000 கிலோஜூல். ஒன்றரை மடங்குக்கும் மேல். சுற்றுக்குச் சுற்று, வளைவுக்கு வளைவு இது நடக்கிறது. பெட்ரோல், டயர், பிரேக் பேட், பிரேக் ஆயில் என்று எல்லாச் செலவும் இந்தக் கணக்கைப் பின்தொடர்ந்தே வரும்.

அபார்த் மோசமான வண்டி இல்லை. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க், நேர்ச்சாலையில் மிதித்தால் முகத்தில் சிரிப்பு தானாக வரும். ஆனால் ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. டர்போ குழாய் ஒன்று வெடித்தால் வண்டி மாதக்கணக்கில் மெக்கானிக் ஷெட்டில் நிற்கும், மகன் ஆட்டோவில் பள்ளிக்குப் போவான். போலோ ஜிடி டிஎஸ்ஐயில் 1.2 லிட்டர் மாடலுக்கு வந்தது உலர் கிளட்ச் கொண்ட ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது தானாகக் கியர் மாற்றும் பெட்டி. நகர நெரிசலிலேயே சூடாகும் அதை டிராக் வெயிலில் வதைக்க நான் சொல்ல மாட்டேன். 2020க்குப் பிறகு வந்த 1.0 டிஎஸ்ஐ மேனுவல் நல்ல தேர்வு, 110 பிஎஸ் (குதிரைசக்தி மாதிரிதான்). ஆனால் அது உங்கள் ஆறு லட்சத்தையும் ஒரே வாயில் விழுங்கிவிடும். வண்டி வாங்கிவிட்டு டயர் வாங்கக் காசில்லாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

என் பதில் ஸ்விஃப்ட். 2012 முதல் 2017 வரை வந்த இரண்டாம் தலைமுறை, பெட்ரோல், மேனுவல் கியர், முடிந்தால் ஏபிஎஸ் உள்ள இசட்எக்ஸ்ஐ. 1,197 சிசி, 87 பிஎஸ் அளவு. நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஹெட் காஸ்கெட்டிலிருந்து கதவுக் கைப்பிடி வரை எந்தப் பாகமும் புதுப்பேட்டையில் அன்றைக்கே கிடைக்கும், எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். முதல் தலைமுறை 1.3 ஸ்விஃப்டும், ரேஸ்காரர்கள் பல வருடம் நம்பி ஓட்டிய எஸ்டீமும் இதைவிட ரசமானவை என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அவற்றின் ஆர்.சி. 15 வருடத்தைத் தாண்டியிருக்கும். புதுப்பிக்க ஆர்டிஓ அலுவலகத்துக்கு நடப்பது தனி ராலி. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோகும் வண்டியாக வேண்டுமானால் யோசிக்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய வண்டிக்குச் சரிவராது.

சென்னையில் பழைய கார் பார்க்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வண்டிகள் பாலிஷ் போட்டு இன்னும் விலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. வேளச்சேரிக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், உள்ளே மண் கோடு இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். சீட் முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தடத்தில் துரு, கார்பெட்டைத் தூக்கினால் வாடை, இதெல்லாம் அதே கதைதான். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் தெருவில் நின்ற வண்டி என்றால் பானெட்டைத் திறந்து ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் இடத்தைப் பாருங்கள். உப்புக் காற்று அரித்து, மேலே பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருப்பார்கள். சாலையில் அது தாங்கும். டிராக்கில் முழு பாரமும் விழுவது அந்த இடத்தில்தான்.

வண்டிக்கு மூன்றரை, நான்கு லட்சத்துக்கு மேல் போகாதீர்கள். மிச்சத்தில் முதல் செலவு பிரேக். இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது. முதல் வருடம் எஞ்சினுக்கு ஃபில்டர், எக்ஸாஸ்ட் என்று செலவழித்துவிட்டுப் பிரேக் ஆயிலை மாற்றாமல் போனேன். ஆறாவது சுற்றில் பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. வளைவைத் தாண்டி மண்ணில் இறங்கி, வேலிக்குச் சில அடி முன்னால் நின்றேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதிலும் நம் ஊர்க் காற்றில் கேட்கவே வேண்டாம். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் ஏறியது 140இலேயே கொதித்து ஆவிக் குமிழியாகிவிடும்; பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. டாட் 4 என்றால் புதிதாக 230, ஈரம் ஏறினால் 155. உங்கள் வண்டியில் எந்த ஆயில் எப்போது ஊற்றியது என்று விற்பவருக்கே தெரியாது. முழுதும் வடித்துவிட்டு சீல் உடைக்காத டாட் 4 டின்னை ஊற்றச் சொல்லுங்கள். ஒவ்வொரு டிராக் டேக்கு முன்பும் மாற்றினாலும் பெரிய செலவில்லை. முன்பக்கம் நல்ல பேட் போடுங்கள். பின்னால் டிரம்தான், அதை அப்படியே விடலாம்.

டயரில் அவசரம் வேண்டாம். சாதாரண டயர் பிடி விடுவதற்கு முன் கீச்சிட்டுச் சொல்லும், புதியவருக்கு அந்தச் சத்தம்தான் வாத்தியார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்து வயதைத் தாண்டிய டயரோடு டிராக்கில் இறங்காதீர்கள். காற்றழுத்தம் ஓடியதும் ஐந்தாறு பிஎஸ்ஐ ஏறும், சூடாக இருக்கும்போது அளந்து குறைத்துக்கொள்ளுங்கள், வீடு திரும்பும் முன் மறுபடி நிரப்புங்கள். முன்சக்கர வண்டியில் திருப்புவதும் இழுப்பதும் முன் டயரே என்பதால் முன்பக்கம் சீக்கிரம் தேயும்.

கூண்டு போடுவது, எக்ஸாஸ்ட் மாற்றுவது பற்றி இப்போதைக்கு நினைக்காதீர்கள். தயாரிப்பாளரின் குறிப்பிலிருந்து விலகி வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பள்ளி வாசலில் போக்குவரத்துப் போலீஸிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கூண்டுக் கம்பியில் ஹெல்மெட் இல்லாத பிள்ளையின் தலை மோதினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்ற வரி அதில் இருக்கும். அதாவது டிராக்கில் விழுகிற அடி உங்கள் கையிலிருந்துதான் போகும். ஸ்விஃப்ட் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குப் பாதிக் காரணம் இது. முன்பக்கம் நசுங்கினால் புதுப்பேட்டையில் பம்பர், ஹெட்லைட், பானெட் வாங்கி டிங்கரிங் செய்து அடுத்த வாரம் அலுவலகம் போகலாம்.

முதல் நாள் நான்கைந்து சுற்று ஓட்டிவிட்டு உள்ளே வாருங்கள். கடைசிச் சுற்றைப் பிரேக் அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டிச் சூட்டை இறக்குங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாதீர்கள், சூடான டிரம்மில் லைனர் ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டை வையுங்கள். வீல் நட்டை ஆறியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

அபார்த்துக்கு அட்வான்ஸ் கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கே போன் செய்து திரும்பக் கேளுங்கள்.