அப்பாவின் தட்டு மட்டும் கடைசியில் வந்தது பற்றி

எட்டுப் பேர் ஓட்டலுக்குப் போய், எல்லாரும் சாப்பிட்டு முடித்தபிறகு அப்பாவின் தட்டு வந்தது, மேலாளர் "இன்னைக்குக் கூட்டம் சார்" என்று நகர்ந்துவிட்டார், மேசைக்கே வராத ஒரு அயிட்டத்துக்கும் பில்லில் காசு என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே எரிச்சலாக இருந்தது. அப்பா தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டே "நீங்க சாப்பிடுங்க" என்றிருப்பாரே!

நான் சில வருடம் பரிமாறும் வேலை பார்த்தவன். ஒரே ஒரு தட்டு மட்டும் தாமதமானால், பெரும்பாலும் ஆர்டர் சீட்டில் அந்த வரி விட்டுப்போயிருக்கும். அதை ஒப்புக்கொள்ளத் தயங்கி "இதோ வருது" என்று இழுப்போம். இரண்டாவது "இதோ" வந்ததுமே, "சீட்டில் இருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்டுவிட வேண்டும்.

சரி, இப்போது பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், மேசை எண் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். அதைப் படமெடுத்து உரிமையாளருக்கு நாலு வரி எழுதுங்கள். வராததற்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு அப்புறம் விமர்சனம் போடலாம். பரிமாறியவர் பெயரை மட்டும் அதில் இழுக்க வேண்டாம். மேலாளர் தப்பிவிடுவார், இவர் சம்பளத்தில் கை வைப்பார்கள்.