சாட்சியும் சாப்பாட்டு மேஜையும் – கடிதம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் பிறந்து வளர்ந்தவள். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. ஊரில் எங்கள் தெருவில் பாதிப் பேர் சபைக்காரர்கள். விசுவாசத்தைப் பற்றி யாருக்கும் எதையும் விளக்க வேண்டி வந்ததே இல்லை. இங்கே என் அறைத்தோழி பெரியாரைப் படித்த வீட்டிலிருந்து வந்தவள். மதியம் கூட உட்கார்ந்து சாப்பிடுகிற மற்றவர்களும் கடவுள் என்றாலே சிரிப்பவர்கள். வாலிபர் கூட்டத்திலோ "நண்பர்களுக்குச் சாட்சி சொன்னாயா, உன் விசுவாசத்தை எடுத்துச் சொன்னாயா?" என்று கேட்கிறார்கள். யூடியூபில் விவாதங்களைப் பார்த்துவிட்டு, பிரபஞ்சத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா என்று ஒருநாள் பேச்செடுத்தேன். "ஆரம்பிச்சிட்டியா உங்க மதமாற்ற வேலைய?" என்றாள் தோழி. அதோடு வாயை மூடிக்கொண்டேன். பேசினால் கூச்சம், பேசாவிட்டால் குற்ற உணர்ச்சி. என்ன செய்வது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் தோழி கிண்டலாகக் கேட்டிருந்தாலும் கேள்வி நியாயமானது. நேராகவே பதில் சொல்லியிருக்கலாம்: "நீ விசுவாசித்தால் எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. விசுவாசிக்கவே போவதில்லை என்றாலும் நாளைக்கும் உன்னோடுதான் சாப்பிடுவேன்." இதைச் சொல்லிவிட்டாலே பாதி இறுக்கம் போய்விடும். முதலில் நட்பாகு, பிறந்தநாளுக்கு கேக் வாங்கிக்கொடு, அப்புறம் மெல்ல விஷயத்துக்கு வா என்று சில இடங்களில் பயிற்சி கொடுக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்துக் கத்துகிறவராவது எதற்கு வந்திருக்கிறார் என்பதை ஒளிக்கவில்லை.

பிரபஞ்சத்துக்குக் காரணம் உண்டா என்பது பெரிய கேள்விதான். ஆனால் உங்கள் மேஜையில் அதை யாரும் கேட்கவில்லையே. நம் ஊரில் கிறிஸ்தவர்கள் மேல் வருகிற சந்தேகம் பெரும்பாலும் வானத்தைப் பற்றியதல்ல, நம்மைப் பற்றியது. இது இன்று நேற்று வந்ததும் அல்ல.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குக்கு 23 வயது. திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். அவர் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதைப் பற்றி ஞாயிறு பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, 1712 முதல் 1714 வரை அவரும் உடன் ஊழியர் கிருண்ட்லரும் செய்த ஒரு காரியம். தமிழர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்டார்கள். உங்கள் வழிபாடு எப்படி, வழக்கங்கள் என்ன, எங்கள் மார்க்கத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்றுகூட. 99 பதில்கள் கிடைத்தன. ஜெர்மனில் மொழிபெயர்க்கப்பட்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் அவை அச்சாகின.

பதில் எழுதியவர்கள் முகத்துக்காக எதுவும் சொல்லவில்லை. மாட்டிறைச்சி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தம் பார்ப்பதில்லை, உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கட்டும், உங்கள் ஆட்களின் நடத்தை அப்படி இல்லையே என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. இந்தத் திட்டுகளையும் சேர்த்தே சீகன்பால்கும் கிருண்ட்லரும் தங்கள் ஊருக்கு அனுப்பினார்கள். சீகன்பால்கு இன்றைய பாணி சமய நல்லிணக்கக்காரர் அல்ல, சிலை வழிபாட்டைக் கடுமையாகத் தாக்கியவர். ஆனாலும் கேட்டார், கேட்டதை எழுதிவைத்தார். தமிழ்த் தெய்வங்களைப் பற்றி 1713இல் ஒரு முழு நூலே எழுதி அனுப்பினார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்று ஹாலேயில் இருந்த பெரியவர் பிராங்கே அதை ஓரங்கட்டிவிட்டார். 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. ஆக, அனுப்பியவர்களின் அவசரம் அன்றைக்கும் இருந்தது. உங்கள் வாலிபர் கூட்டத்தைக் கொஞ்சம் மன்னித்துவிடுங்கள்.

இன்று உங்கள் தோழியிடம் அப்படி ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தால் என்ன எழுதுவார்? மாட்டிறைச்சியைப் பற்றி அவருக்குப் புகார் இருக்காது. சாதியைக் கேட்பார். பழைய தரங்கம்பாடி சபையிலேயே சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். சபைக்குள் சாதி கூடாது என்று 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் கண்டிப்பாக எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் அதற்காகவே சபையைவிட்டு வெளியேறியவர்கள் உண்டு. இன்றைக்கு நம் மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். 'கிறிஸ்தவ' என்பதற்கு அடுத்த வார்த்தையே சாதிப் பெயர்தான்.

"அது மனிதர்களின் தவறு, வேதத்தின் தவறல்ல" என்று ஒரு பதில் நம் எல்லோருடைய சட்டைப்பையிலும் தயாராக இருக்கிறது. தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். உண்மைதான், ஆனால் தப்பித்துக்கொள்வதற்கான உண்மை. "ஆமாம், நடக்கிறது. எங்கள் ஊரிலும் நடக்கிறது" என்று சொல்லி நிறுத்துங்கள். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், இருக்கட்டும். அடுத்து அவர் கேட்பார்: "அப்புறம் ஏன் இன்னும் அங்கே போற?" எஸ்., உங்கள் சாட்சி அங்கேதான் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு எந்த யூடியூப் காணொளியிலும் பதில் கிடையாது. உங்களுடையதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம் போதும், தட்டுத் தடுமாறினாலும் பரவாயில்லை. அந்தப் பதில் உங்களிடமே இன்னும் தெளிவாக இல்லையென்றால், பிறருக்குச் சொல்வதற்கு முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் அது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். லெஸ்லி நியூபிகின் 1936இல் இங்கே வந்த ஆங்கிலேயர், பிற்பாடு தென்னிந்தியத் திருச்சபையின் பேராயர். காஞ்சிபுரத்தில் இருந்தபோது ராமகிருஷ்ண மடத்துத் துறவிகளோடு தரையில் உட்கார்ந்து, உபநிடதத்தையும் யோவான் சுவிசேஷத்தையும் மாறிமாறி வாசித்துப் பேசிக்கொண்டிருப்பார். 1974இல் இங்கிலாந்து திரும்பியவர், சில வருடம் கழித்து பர்மிங்ஹாமில் சிறைச்சாலைக்கு எதிரே மூடப்போகும் நிலையில் இருந்த ஒரு சிறு சபைக்கு ஆயரானார். இந்தியாவில் சந்தித்த எதையும்விட அது கடினமாக இருந்தது என்றார். அங்கே எதிர்ப்பு இல்லை, குளிர்ந்த அலட்சியம் இருந்தது. எதிர்க்கிறவரோடு பேசலாம், அலட்சியம் செய்கிறவரோடு எதைப் பேசுவது? அந்த வகையில் கிண்டல் செய்கிற தோழி கிடைத்தது உங்கள் நல்ல நேரம். சுவிசேஷத்தை நம்பத் தகுந்ததாக ஆக்குவது அதை நம்பி வாழ்கிற ஒரு சபைதான் என்பது நியூபிகினுடைய முடிவு. எனக்கும் அதில் உடன்பாடு.

அதனால் தோழியை நற்செய்திக் கூட்டத்துக்கெல்லாம் அழைக்க வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கத்துச் சபை விருந்தான அசனத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் பார்க்கட்டும். யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று நிச்சயம் கவனிப்பார். எதையும் மூடி மறைக்காதீர்கள். திரும்பும் ரயிலில் கேட்பார்.

என்றாவது அவரே வாசிக்கக் கேட்டால் கைப்பிரதி கொடுக்காதீர்கள், மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். 16 அதிகாரம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து சாவதைப் பற்றிக் கட்டாயம் சண்டைக்கு வருவார். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.