மனம் ஒட்டாமல் திருவிருந்து எடுக்கலாமா?

“ஞாயிறு ஆராதனையில் மனம் ஒட்டுவதில்லை. ஜெபித்தாலும் உள்ளே காய்ந்து கிடக்கிறது. திருவிருந்துக்கு எப்படி ஆயத்தப்படுவது? இப்படியே எடுக்கலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். (திருவிருந்து என்றால், இயேசுவின் நினைவாக ஆராதனையில் அப்பமும் திராட்சரசமும் பெறுவது.)

நீங்கள் யாரிடமோ பேசாமல் இருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தவறென்றால் மன்னித்துவிடுங்கள். பதினான்கு மாதம் நானும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், காரணம் தெரிந்துகொண்டே.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. என் பாட்டி அதற்கு முந்தின நாளே சண்டை சச்சரவு எதுவும் வாயில் வராமல் பார்த்துக்கொள்வாள். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். வெள்ளைச் சேலை. எனக்கும் அந்தப் பழக்கமெல்லாம் உண்டு. சனிக்கிழமை இரவே மறுநாளைக்குரிய வேதபாடங்களை வாசித்துவிடுவேன். இதெல்லாம் நல்லதுதான், விடச் சொல்லவில்லை.

என் அம்மா இறந்து பத்தாம் நாள் பீரோவைத் திறந்தபோது அவளுடைய ஒரு ஜோடி வளையலைக் காணோம். சாவி மதினியிடம் இருந்தது. “மதினிதான் சாவி வச்சிருந்தாங்க” என்று பெரியம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எந்த அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்குத் தெரியும், கேட்ட பெரியம்மாவுக்கும் தெரியும். ஒரு வாரத்தில் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்விட்டது. அண்ணன் வீட்டுக்கும் எங்களுக்கும் பேச்சு நின்றது.

ஆனால் சபை ஒன்றுதான். முதல் ஞாயிறுதோறும் இரண்டு பேரும் அதே பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டோம், சில சமயம் நடுவில் ஒரே ஒரு ஆள் இடைவெளியில். எங்கள் ஆராதனை முறையில் சமாதானம் கொடுக்கும் இடம் வரும், கையோடு கை சேர்த்து அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடுவேன்.

ஒரு லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில், மத்தேயு 5:23, 24 பிரசங்க வசனமாக வந்தது. சிறு வயதிலிருந்து கேட்ட வசனம். அன்றைக்குத்தான் காதில் விழுந்தது: “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று” நினைவு வந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார். உனக்கு அவன்மேல் இருக்கும் குறையைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் அதுவரை மதினியை மன்னிக்க பலன் தாரும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தேன். என்ன துணிச்சல் பாருங்கள். குறை அவர்களுக்கல்லவா என்மேல்!

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சனிக்கிழமை பஸ் ஏறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். மதினி திண்ணையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். “மதினி, நான் பேசினது தப்பு. என்னை மன்னிச்சிருங்க” என்றேன். வழியெல்லாம் நினைத்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. அவர்கள் தலை நிமிராமல், “எங்கிட்ட சொல்லி என்ன? பெரியம்மாகிட்ட போய் மாத்திச் சொல்லிட்டு வா” என்றார்கள்.

அது என் கணக்கில் இல்லை. அழுதால் முடிந்துவிடும் என்று நினைத்துப் போயிருந்தேன். அங்கிருந்து நேரே பெரியம்மா வீட்டுக்குப் போய், வளையல் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரியாமல் பழி போட்டேன் என்று அவர்கள் மருமக்கள் முன்னாலேயே சொன்னேன். மறுநாள் ஈஸ்டர் ஆராதனையில் மதினி கையைக் கொடுத்தார்கள். சிரிக்கவில்லை. பழையபடி பேச இன்னும் எத்தனையோ மாதம் ஆனது. வளையல் இன்றுவரை கிடைக்கவில்லை.

சிலர் சண்டைக்கு வருவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நான் இறையியல் படித்தவள் இல்லை. கத்தோலிக்கச் சகோதரர்களுக்குக் குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனமும் ஒரு மணி நேர உபவாசமும் உண்டு, நான் அதற்குள் போகவில்லை. உங்களை அடித்தவனிடம், ஏமாற்றியவனிடம் போய் நில்லுங்கள் என்றும் சொல்லவில்லை. அது வேறு காரியம்.

“அபாத்திரமாய்”, அதாவது தகுதியில்லாமல், புசிக்கக்கூடாது என்ற வார்த்தைக்குப் பயந்து வருடக்கணக்கில் திருவிருந்து எடுக்காத பெரியவர்களை எனக்குத் தெரியும். 1 கொரிந்தியர் 11-ஐ 20ஆம் வசனத்திலிருந்து வாசியுங்கள். அந்தச் சபையில் வசதி இருப்பவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அதை எழுதிய பவுலுக்குக் கோபம் அதில்தான். 28ஆம் வசனத்திலும் சோதித்தறிந்து விலகி நில் என்று இல்லை, சோதித்தறிந்து புசி என்றுதான் இருக்கிறது. மனம் காய்ந்திருப்பதால் நீங்கள் வரக்கூடாது என்று அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். என் மகன் பத்தாம் வகுப்பு. அவன் பள்ளியில் ஞாயிறு காலை எட்டரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். பெற்றோர் நாங்கள் சிலர் போய்க் கேட்டதற்கு, “ரிசல்ட் வேணுமா, சர்ச் வேணுமா?” என்றார்கள். மற்ற ஆறு நாளும் அவர்கள் கையில்தானே பிள்ளை இருக்கிறான்? ஓய்வுநாளை இப்படிப் பிடுங்கிவிட்டு, பிள்ளைகளுக்கு ஆராதனையில் மனம் நிற்கவில்லை என்று யாரைக் குறை சொல்வது?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அடுத்த முதல் ஞாயிறுக்கு இன்னும் நாள் இருந்தால் சனிக்கிழமைவரை வைத்திருக்காதீர்கள். நீங்கள் பேசாமல் இருப்பவரிடம் இன்றைக்கே போய்விடுங்கள். போன் வேண்டாம், எடுக்காவிட்டால் அதையே சாக்காக வைத்து நின்றுவிடுவோம். போய்ச் சொன்ன பிறகு அவர்கள் ஏதாவது செய்யச் சொன்னால், அதையும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.