பிரமோதூத வருடம் என்றால் எந்த வருடம்? வரலாற்று வகுப்பும் இணையக் கருவிகளும்: கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் கேட்டவை.

காரைக்குடி ஆசிரியர்: சார், மருது சகோதரர் பாடத்தை டைம்லைன் ஜேஎஸ் என்ற இணையக் கருவியில் காலக்கோடாகப் போட்டேன். பாதி நிகழ்வுகள் வரவில்லை. சில நேரம் பக்கமே வெள்ளையாக நிற்கிறது.

பதில்: கூகுள் ஷீட்டின் முதல் வரிசையில் இருக்கும் ஆங்கிலத் தலைப்புகளைத் தமிழில் மாற்றினீர்களா? அவற்றைத் தொடக் கூடாது. எந்தப் பத்தியில் என்ன இருக்கிறது என்பதைக் கருவி அவற்றை வைத்துத்தான் பார்க்கிறது. நடுவில் வெற்று வரிசையும் விடாதீர்கள். பக்கம் வெள்ளையாக நின்றால், ஷீட்டை 'ஷேர்' மட்டும் செய்திருப்பீர்கள். ஃபைல் மெனுவில் 'பப்ளிஷ் டு வெப்' கொடுத்துவிட்டு, பிரவுசரின் மேலே தெரியும் முகவரியை எடுத்து ஒட்டுங்கள்.

வருடம், மாதம், நாள் மூன்றும் தனித்தனிப் பத்தியில், எண்ணாக. 1801, 6, 16 என்றால் ஆங்கிலேயரை எதிர்த்து மருது சகோதரர் வெளியிட்ட ஜம்புத்தீவுப் பிரகடனம். 1801, 10, 24 என்றால் திருப்பத்தூரில் தூக்கு. 'ஜூன்' என்று எழுத்தில் போட்டால் சிக்கல்தான். கி.மு. ஆண்டுக்கு முன்னால் கழித்தல் குறி.

நீங்களே முழுதாகச் செய்து திரையில் ஓட்டினால் அது இன்னொரு சார்ட்டு, அவ்வளவுதான். பிள்ளைகளை 20 வரிசை நிரப்பச் சொல்லி, பிறகு எட்டை நீக்கச் சொல்லுங்கள். எதை நீக்குவது என்று சண்டை வரும். பாடம் அங்கேதான் நடக்கிறது. 1772-ல் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் விழுகிறார், 1780-ல் அவர் மனைவி வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்கிறார். நடுவில் எட்டு வருடம் காலியாகக் கிடப்பது கோட்டில் பளிச்சென்று தெரியும். "இந்த எட்டு வருடம் நாச்சியார் எங்கே இருந்தார்?" என்று யாராவது கேட்பார்கள்.

தேவகோட்டை ஆசிரியை: கூகுள் மை மேப்ஸ் வரைபடத்தில் இடப்பெயர்ப் பட்டியலை ஏற்றினேன். மருதுபாண்டியரைத் தூக்கிலிட்ட இடம் வேலூர்ப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டது!

பதில்: அது வடக்கே இருக்கிற திருப்பத்தூர், டீச்சர். பெயரை மட்டும் கொடுத்தால் வரைபடம் தனக்குத் தெரிந்த பெரிய ஊரைப் பிடித்துக்கொள்ளும். ஷீட்டில் அட்சரேகைக்கு ஒன்று, தீர்க்கரேகைக்கு ஒன்று என இரண்டு பத்தி சேர்த்து 10.12, 78.60 என்று போடுங்கள். மாற்றிப் போட்டால் நம்ம திருப்பத்தூர் நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலோரம் போய்விடும்.

கோட்டையூர் ஆசிரியர்: வீட்டில் பழைய வரவு செலவுப் பேரேடு இருப்பதாக ஒரு மாணவி சொல்கிறாள். ஸ்கேன் செய்து கூகுளில் எழுத்தாக மாற்றி வகுப்பில் படிக்க முடியுமா? 'பிரமோதூத வரு. தை' என்று போட்டிருக்கிறதாம்.

பதில்: அருமையான சரக்கு. முதலில் படம் ஒழுங்காக வர வேண்டும். பிளாஷ் வேண்டாம், வளவு (வீட்டு உள்முற்றம்) ஓரம் பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடத்தில் ஏட்டை விரித்து, நேர் மேலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி எழுத்து கலங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

டிரைவில் ஏற்றி 'ஓபன் வித் கூகுள் டாக்ஸ்' கொடுத்தால் அச்சுத் தமிழ் நன்றாகவே வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு என்றால் பழைய ணை, லை, னை, ணா, றா, னா வருமிடங்களில் ஒரு கண் வையுங்கள். கையெழுத்துப் பேரேட்டை அதை நம்பி விடாதீர்கள். பெரிய வில்லங்கம் தமிழ் எண்கள். ௧ என்பதைக் 'க' என்றும் ௨ என்பதை 'உ' என்றும் ௭ என்பதை 'எ' என்றும் எடுத்துக்கொள்ளும். தொகை முழுக்கக் காணாமல் போகும். ஆகவே எண் பத்தியைப் பிள்ளைகளே கையால் படிக்கட்டும். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௩௱௫௰ என்றிருந்தால் 350. அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

இனி வருடம். அறுபதாண்டுப் பட்டியலில் பிரமோதூத நான்காவது. வரிசை எண்ணோடு 1866 அல்லது 1926-ஐக் கூட்டினால் அந்த ஆண்டு பிறந்த சித்திரை கிடைக்கும்: 1870 அல்லது 1930. எல்லாரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் தை வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறிவிடுகிறதே! மார்கழியின் பின்பாதியிலிருந்து பங்குனி வரை ஒன்று கூட்ட வேண்டும். ஆகவே 1871 அல்லது 1931.

இரண்டில் எது என்பதை உள்ளே தேட வேண்டும்: தாள், அச்சிட்ட தலைப்பு, ஊர்ப்பெயர்கள். 1931 என்றால் பத்தாம் வகுப்பில் வரும் பொருளாதாரப் பெருமந்தம் அந்தத் தாளிலேயே இருக்கலாம். பர்மாவில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், ஈட்டு நிலங்கள் கடன் கொடுத்த செட்டியார்கள் கைக்கு வந்த காலம் அது. வசூல் பத்தி மெலிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: கடன் வாங்கியவர்கள் பெயர் அதில் இருக்கும். வீட்டார் சம்மதம் கேட்டு, பெயர்களை மறைத்த பிரதியைத்தான் வகுப்பில் காட்ட வேண்டும்.

கானாடுகாத்தான் ஆசிரியர்: போனிலேயே ஒரு வீட்டை முப்பரிமாணமாக எடுக்கலாமா?

பதில்: முழு வீடு வேண்டாம், தம்பி. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பளபளக்கத் தேய்த்த சுண்ணாம்புச் சுவரில், பல படங்களை இணைத்து முப்பரிமாணமாக்கும் மென்பொருள் பிடித்துக்கொள்ளப் புள்ளியே கிடையாது. நிலைக்கண்ணாடி வேறு உருவத்தை இரட்டிப்பாக்கும். ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக நின்றால் எது எது என்று குழம்பும். வாசல் நிலையின் மரச்செதுக்கு ஒன்றை எடுங்கள். 50 படம், ஒவ்வொன்றும் முந்தியதோடு மூன்றில் இரண்டு பங்கு ஒட்ட வேண்டும். இரண்டு உயரத்தில், ஜூம் இல்லாமல். பக்கத்தில் ஒரு அடிக்கோல் வையுங்கள், அளவு தெரியும்.

புதுவயல் ஆசிரியை: ஆங்கிலேயர் கால ஆவணங்களை இலவசமாக எங்கே தேடுவது?

பதில்: தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம், பதிவு செய்தால் போதும். சிவகங்கையை 'ஷெவகங்கா' என்றும் தேடிப் பாருங்கள், அன்று அப்படித்தான் எழுதினார்கள். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகம்.

பள்ளத்தூர் ஆசிரியர்: அசைன்மெண்டை எல்லாம் சாட்ஜிபிடியில் எடுத்து வருகிறார்கள். தடுப்பதா?

பதில்: தடுத்துப் பலனில்லை. அது எழுதிய ஒரு பத்தியைத் தாளில் எடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு ஆண்டுக்கும் பெயருக்கும் பாடநூல் பக்க எண்ணோ ஆவண முகவரியோ ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆதாரம் கிடைக்காத வரிக்குச் சிவப்புக் கோடு. மதிப்பெண் அந்த ஓரக் குறிப்புக்குத்தான், பத்திக்கு இல்லை.