பாட்டும் எழுதுகிறாள், படமும் வரைகிறாள்: எதைத் தொழிலாக்குவது?

பாட்டெழுதிப் பாடுவது, படம் வரைவது இரண்டையும் பிடித்துக்கொண்டால் உங்கள் மகளுக்கு ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் ஆகிவிடுமோ, கல்லூரியில் எதைப் படிக்க வைப்பது என்பதுதான் உங்கள் கவலை. ஆனால் சொந்தமாகப் பாட்டெழுதி வெளியிடுபவருக்கு அட்டைப்படம், போஸ்டர், வீடியோவுக்கான காட்சிகள், டீ-ஷர்ட் எல்லாமே வேண்டும். மற்றவர்கள் காசு கொடுத்துச் செய்விப்பதை உங்கள் மகள் தானே செய்துகொள்வாள். கனடியப் பாடகி ஜோனி மிட்செல் தன் ஆல்பங்கள் பலவற்றுக்குத் தானே படம் வரைந்தவர்தான்.

வருமானத்தில் ஸ்ட்ரீமிங்கை நம்ப வேண்டாம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் ஒரு கேட்பு கணக்கில் சேரும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 கேட்புகளைத் தொடாத பாட்டுக்கு அங்கே ஒலிப்பதிவுக்கான ராயல்டி கிடையாது. தொடக்கத்தில் கைக்குக் காசு தருவது பெரும்பாலும் மேடையும், ஓவியங்களின் பிரிண்ட் விற்பனையும், மற்ற இசைக்குழுக்களுக்கு வரைந்து தரும் அட்டைப்படங்களும்தான்.

சறுக்கல் பெரும்பாலும் அட்டைப்பட ஃபைலில் ஆரம்பிக்கும். டிஜிட்டல் வெளியீட்டுக்கு 3000-க்கு 3000 பிக்சல் சதுரப் படம் போதும். அதையே அச்சுக்குக் கொடுத்தால், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 10 அங்குலம்தான் தேறும். வினைல் இசைத்தட்டின் உறையோ 12 அங்குலத்துக்கும் மேல். இழுத்துப் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். அதனால் முதலிலேயே 4000 பிக்சலில் வரையட்டும். திரையில் பளீரென்று தெரியும் நீலமும் ரோஸும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சில் சோர்ந்துவிடும். ஒரு சாம்பிள் அச்செடுத்துப் பார்க்காமல் மொத்த ஆர்டர் கொடுக்கக் கூடாது. அட்டையில் இணைய முகவரியோ சமூக ஊடகப் பெயரோ இருந்தாலும், அதிலுள்ள தலைப்பு நீங்கள் பதிவுசெய்த தலைப்பிலிருந்து ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் திருப்பி அனுப்பலாம், ரிலீஸ் தேதியும் தள்ளிப்போகும். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை ரிலீஸுக்குக் குறைந்தது 7 நாள் முன்பே அனுப்ப வேண்டும் என்பதால், எல்லாவற்றையும் நான்கு வாரம் முன்பே ஏற்றிவிடுவது நல்லது.

அடுத்தது உரிமை. ஒரு பாட்டில் வரியும் மெட்டும் ஓர் உரிமை, ஒலிப்பதிவு வேறோர் உரிமை. கூட உட்கார்ந்து மெட்டமைத்த நண்பருக்கு எத்தனை சதவீதம் என்பதை அன்றைக்கே தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பும் போகும். ஓவியத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். மூல ஓவியத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். வேறொரு குழுவுக்கு அட்டைப்படம் வரைந்தால், அது ஆல்பத்துக்கு மட்டுமா, டீ-ஷர்ட்டுக்குமா என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதுங்கள். டீ-ஷர்ட் என்றால் தனிக் கட்டணம்.

கல்லூரியில் எதில் சேர்ப்பது என்று கேட்டால், என் ஓட்டு வடிவமைப்புக்கு. குரலை ஆசிரியரிடம் தனியாகவும் பழகலாம். எழுத்துரு, அச்சு நுட்பம், அனிமேஷன் இவற்றைத் தனியாகக் கற்பவர்கள் பாதியில் விட்டுவிடுவதுதான் அதிகம். படிக்கும்போதே ஆண்டுக்கு மூன்று பாட்டுகள், தன் அட்டைப்படங்களோடு, வெளியிடட்டும். மேடை, பிரிண்ட், அட்டை வேலை என்று வரவை மூன்று பத்தியாகவும், ஸ்டுடியோ, மிக்ஸிங், அச்சுச் செலவைத் தனியாகவும் நோட்டில் எழுதி வரட்டும். முழுநேரமா, பகுதிநேரமா என்பதை 12 மாதக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.