வாடகை கொடுத்துப் பிடித்த பள்ளி

கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளி நாள் என்றாலே காலையில் வயிற்றுவலி, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டால் திறப்பதில்லை. ஒன்பதாவதில் இரண்டு பாடங்களில் எஃப் (ஃபெயில்), இந்த செமஸ்டரில் மூன்றில். "இந்தப் பள்ளியின் எல்லைக்குள் குடியிருக்கத்தான் ஒரு சம்பளத்தை அப்படியே வாடகையாகக் கொடுக்கிறோம். இன்னொரு டியூஷன் வையுங்கள், பள்ளியை மட்டும் மாற்றாதீர்கள் என்று ஊரில் பெரியப்பாவும் இங்கே என் தம்பியும் சொல்கிறார்கள். போகப் போகச் சரியாகிவிடும்தானே?"

சரியாகாது, அம்மா. உங்கள் மனம் ஆற வேண்டும் என்று நான் வேறு மாதிரி எழுதினால் அது பையனுக்குச் செய்யும் துரோகம். ஒரு வருடமாக டியூஷன் வைத்தும் இரண்டு எஃப் மூன்றாகியிருக்கிறது. பிள்ளைக்கு மூச்சு முட்டுகிறது. நாம் இன்னொரு வகுப்பைத் தலையில் ஏற்றப் பார்க்கிறோம்.

முதலில் அந்த வயிற்றுவலிக்கு மருத்துவரைப் பாருங்கள். கூடவே, கவனக்குறைபாடோ கற்றல் சிரமமோ இருக்கிறதா என்று மதிப்பீடு செய்யச் சொல்லி இப்போதைய பள்ளிக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் கெடு தொடங்காது. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் அவர்கள் மதிப்பீட்டுத் திட்டம் தர வேண்டும் என்பது கலிஃபோர்னியா விதி. இதற்குச் செலவு கிடையாது.

அடுத்தது, உங்கள் வீட்டில் யாரும் பேச்சிலேயே எடுக்காத வழி: சார்ட்டர் பள்ளி, அதிலும் தனிக்கற்றல் முறையில் நடப்பது.

"தோற்றவர்கள் போகிற இடமாயிற்றே" என்பார் தம்பி. சார்ட்டர் என்பது அரசுப் பணத்தில், பள்ளி மாவட்டத்தின் அன்றாட நிர்வாகத்துக்கு வெளியே, தனி ஒப்பந்தத்தின் பேரில் நடக்கும் பொதுப்பள்ளி. மினசோட்டா 1991-இல் முதல் சட்டம் போட்டது. மறு வருடம் செயின்ட் பால் நகரில் திறந்த முதல் சார்ட்டர் பள்ளியான சிட்டி அகாடமி, படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் தொடங்கியது. அதே 1992-இல் கலிஃபோர்னியாவும் சட்டம் கொண்டுவந்தது. கட்டணம் வாங்கக் கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளையும் சேரலாம். தனிக்கற்றல் பள்ளியானால் நீங்கள் இருக்கும் கவுன்ட்டியிலோ ஒட்டியுள்ள கவுன்ட்டியிலோ இருக்க வேண்டும்.

அங்கே நாள் எப்படிப் போகும்? தினமும் மணியடித்ததும் ஆறு வகுப்புக்கு ஓட வேண்டியதில்லை. ஒரு ஆசிரியர் பொறுப்பெடுத்துக்கொள்வார். பையன், நீங்கள், அவர் மூவரும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுவீர்கள். வாரத்தில் சில முறை மையத்துக்குப் போய், செய்ததைக் காட்டி, சந்தேகம் கேட்டுவிட்டு வருவான். பல பள்ளிகளில் இரண்டு பாடத்தை மட்டும் எடுத்து, முடித்துவிட்டு அடுத்த இரண்டுக்குப் போகலாம். ஐந்து எஃப் என்றால் பாக்கி 25 கிரெடிட். ஆறு பாடத்தோடு சேர்த்துச் சுமந்தால் அது மலை; இரண்டிரண்டாக எடுத்தால் தீர்கிற கணக்கு. யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) பல்கலைக்கழகங்கள் சராசரி போடும்போது ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை எடுப்பதில்லை. எஃப் வாங்கிய பாடத்தை மறுபடி எடுத்து சி-யாவது வாங்கிவிட்டால் கதவு மூடவில்லை.

உங்கள் கடிதத்தில் குறையாக எழுதியிருந்த ஒரு வரியை நான் இரண்டு முறை படித்தேன். "ராத்திரி பன்னிரண்டு வரை கராஜில் பக்கத்து வீட்டு ஈ-பைக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்." கவனமே இல்லை என்று பள்ளி சொல்கிற பிள்ளை இவன்தானா? உங்கள் ஊரிலேயே இருக்கும் டி ஆன்சா கல்லூரியில் ஆட்டோமோட்டிவ் டெக்னாலஜி படிப்பு இருக்கிறது. பள்ளியில் இருக்கும்போதே அனுமதி வாங்கிக் கல்லூரிப் பாடம் எடுக்கலாம். பகுதிநேரமாக எடுக்கும் பள்ளி மாணவருக்குப் பாடக் கட்டணம் பொதுவாகத் தள்ளுபடி. அங்கே குவார்ட்டர் முறை: யூசி ஏற்கும் 4 யூனிட் பாடம் ஒன்றை 12 வாரத்தில் முடித்தால் பள்ளியில் ஒரு முழு ஆண்டு படித்ததற்குச் சமமாக யூசி எடுத்துக்கொள்ளும். நேரம் கையில் இருக்கிற தனிக்கற்றல் மாணவனுக்கு இது நன்றாகப் பொருந்தும். "மெக்கானிக் ஆகவா அமெரிக்கா வந்தோம்" என்று பெரியப்பா கேட்கட்டும். மெக்கானிக்காவதும் இன்ஜினியராவதும் பிறகு பையன் எடுக்க வேண்டிய முடிவு. இப்போது அவனுக்குக் கை ஓடுகிற இடம் ஒன்று வேண்டும்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். முழுக்க ஆன்லைனில் நடக்கும் சார்ட்டர் வேண்டாம். 2015-இல் ஸ்டான்ஃபோர்டின் கிரீடோ மையம் வெளியிட்ட ஆய்வில், ஆன்லைன் சார்ட்டர் மாணவர்கள் கணக்குப் பாடத்தில் ஆண்டுக்கு 180 நாள் படிப்புக்குச் சமமாகப் பின்தங்கியிருந்தார்கள். ஏற்கெனவே கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையைத் திரைக்கு முன்னால் தனியாக உட்கார வைக்கக் கூடாது. ஆசிரியரை நேரில் பார்க்கும் மையம் இருக்கிறதா, பள்ளிகளின் தரத்தைச் சரிபார்க்கும் வாஸ்க் அமைப்பின் அங்கீகாரம் உண்டா, பாடங்கள் யூசி சேர்க்கைக்குக் கேட்கும் ஏ-ஜி பட்டியலில் இருக்கின்றனவா, போன வருடம் எத்தனை பேர் பள்ளி முடித்து டிப்ளமா வாங்கினார்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பள்ளிப் பேருந்து பெரும்பாலும் இருக்காது. போக்குவரத்துக்கு முன்னதாகவே வழி பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தனியார் உறைவிடப் பள்ளிக்காகச் சேமிப்பை உடைக்காதீர்கள், கடன் வாங்காதீர்கள். பள்ளிக்காகவே கொடுக்கிற அந்த வாடகையைக்கூட ஒப்பந்தம் முடியும்போது மறுபடி யோசிக்கலாம்.

பள்ளியின் அறிமுகக் கூட்டத்துக்கு அவனையும் கூட்டிப் போங்கள். கேள்விகளை அவன் கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். திரும்பி வரும்போது காரில் அவன் "வேண்டாம்" என்றால் அடுத்த பள்ளியைப் பார்க்கலாம். "சரி" என்றால், தம்பியிடம் நீங்களே பேசுங்கள், பையனைப் பேசவிடாதீர்கள்.