கல்லூரிக்குப் போக மறுத்து வீட்டிலேயே இருக்கும் மகன், கைப்பேசியைப் பிடுங்கினால் போவானா?

பிடுங்க வேண்டாம், நண்பர்களோடு அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே தொடர்பும் அதனால் அறுந்துவிடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவன் 8ஆம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால், நாலு பேர் முன்னால் பேசவும், கேலியைத் தாங்கவும் பழக வேண்டிய 9ஆம் வகுப்பு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கழிந்திருக்கிறது. 2021 செப்டம்பர் 1 அன்று பள்ளி திறந்தபோது எதிரே பொதுத்தேர்வு ஆண்டு நின்றது. கோவையில் அறிமுகமில்லாத கல்லூரிக்குள் நுழைந்ததும், நாலு பேரை எதிர்கொள்ளும் பயம் வெளிப்பட்டிருக்கலாம். உறவினர்கள் சொல்வதுபோல இது சோம்பேறித்தனமாகத் தோன்றவில்லை. போகாமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் பயம் சற்றுத் தணிவதால்தான், மறுநாள் போவது இன்னும் கடினமாகிறது.

ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள்: தலைவலியும் வயிற்றுவலியும் கல்லூரி நாள் காலையில் மட்டும் வந்து ஞாயிறன்று இல்லாமல் போனால், பதற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வகுப்பாசிரியரிடம் பேசி, முதலில் ஒரே ஒரு பாடவேளைக்கு மட்டும் அனுப்புங்கள்.

விருப்பமான கிரிக்கெட்டிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு, இரத்தசோகைப் பரிசோதனையும் கேளுங்கள். அவற்றாலும் இதே சோர்வு வரும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவனிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆம் என்றால் தனியே விடாமல், அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.